வாசகர் கேள்வி–பதில்: காருக்குள் ஆளுக்கொரு போர்வை

போன இதழில் குளிர்காலப் பயணம் பற்றி எழுதும்போது, "காருக்குள் ஆளுக்கொரு தடித்த போர்வை வைத்திருங்கள், டிக்கியில் அல்ல, உள்ளே" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். மற்ற எல்லாவற்றையும் விட இந்த ஒரு வரிக்குத்தான் அதிகம் கேள்விகள் வந்திருக்கின்றன. ஆகவே இந்த மாதப் பக்கம் முழுவதும் அதற்கே.

என் கணவர் வேலை விஷயமாக அடிக்கடி மார்க்கம் நகரத்திலிருந்து கிங்ஸ்ரன் வரை நெடுஞ்சாலை 401இல் கார் ஓட்டுகிறார். நான் காரில் போர்வை வைத்தால் எடுத்து வீட்டுக்குள் கொண்டுவந்து போட்டுவிடுகிறார். "கார் புதுசு, ஹீற்றர் நன்றாக வேலை செய்கிறது, பிறகு எதற்குப் போர்வை?" என்கிறார். நான் தேவையில்லாமல் பயப்படுகிறேனா?
— ஒரு வாசகி, மார்க்கம்

இல்லை தங்கச்சி, நீங்கள் சொல்வதுதான் சரி. ஹீற்றர் வேலை செய்ய எஞ்சின் ஓட வேண்டும், எஞ்சின் ஓட பெற்றோல் இருக்க வேண்டும், புகைக்குழாயும் அடைபடாமல் இருக்க வேண்டும். பனிப்புயலுக்குள் வீதி மூடப்பட்டு கார் நின்றுவிட்டால் இவற்றில் எது முதலில் கைவிடும் என்று யாருக்கும் தெரியாது. முன்னால் போன வண்டியில் லேசாக மோதி ரேடியேற்றர் உடைந்தாலும் போதும், புதுக் காரின் ஹீற்றரும் அதோடு சரி.

இது நம் ஒன்ராறியோவில் நடக்காத விஷயமும் இல்லை. 2010 டிசம்பரில் சார்னியாவுக்கும் இங்குள்ள லண்டனுக்கும் இடையில் நெடுஞ்சாலை 402இல் நூற்றுக்கணக்கான வண்டிகள் பனியில் புதைந்து நின்றன. சிலர் ஒரு நாளுக்கும் மேலாக வண்டிக்குள்ளேயே இருந்தார்கள், கடைசியில் இராணுவ ஹெலிகொப்டர்கள் வந்துதான் பலரைத் தூக்கின. அமெரிக்காவில் 2022 ஜனவரியில் வாஷிங்டனுக்குத் தெற்கே ஐ-95 நெடுஞ்சாலை இதேபோல அடைபட்டபோது வேர்ஜினியாவின் செனற்றர் ரிம் கெய்ன் தன் காரில் 27 மணி நேரம் மாட்டிக்கொண்டார். அது நாட்டின் தலைநகருக்குப் பக்கத்தில், எந்நேரமும் வண்டிகள் ஓடும் வீதி.

இப்போது உங்கள் கணவருக்குக் காட்ட ஒரு கணக்கு. நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிட்டால் சாதாரண கார் ஒரு மணிக்கு 1 முதல் 2 லீற்றர் பெற்றோல் குடிக்கும். தாங்கியில் 25 லீற்றர் இருந்து இடைவிடாமல் ஓடவிட்டால் ஓர் இரவு தாண்டும், அதற்குப் பிறகு நிச்சயமில்லை. அதே 25 லீற்றரை, மணிக்கு ஒருதடவை 10 நிமிடம் மட்டும் ஓடவிட்டுச் செலவழித்தால் மூன்று நாளைக்கு மேல் வரும். ஆனால் மீதி 50 நிமிடமும் எஞ்சின் நின்றிருக்கும் அந்த இரும்புப் பெட்டிக்குள் எப்படி இருப்பது? அங்கேதான் போர்வை வேண்டும். ஹீற்றர் இருந்தால் போர்வை வேண்டாம் என்பதல்ல, போர்வை இருந்தால்தான் ஹீற்றரை நிறுத்தி வைக்க முடியும்.

நிறுத்தி வைப்பது பெற்றோலுக்காக மட்டுமல்ல. பனி குவிந்து புகைக்குழாய் அடைபட்டால் காபன் மொனொக்சைட் வாயு காருக்குள் திரும்பி வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம், அப்புறம் எழும்பாத தூக்கம். பாகிஸ்தானில் மர்ரி என்ற மலைநகரத்தில் 2022 ஜனவரியில் பனி பார்க்கப் போன குடும்பங்களின் கார்கள் பனியில் புதைந்து, 20க்கும் மேற்பட்டவர்கள் கார்களுக்குள்ளேயே இறந்தார்கள், பிள்ளைகளும் அதில் உண்டு. பலருக்கு எமனானது குளிரை விட இந்த வாயுதான் என்று அப்போது செய்திகள் வந்தன. ஹீற்றரைப் போட்டுக்கொண்டு தூங்கியிருக்கிறார்கள். ஆகவே எஞ்சினை இயக்கும் ஒவ்வொரு தடவையும் முதலில் இறங்கிப் போய் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்ற வேண்டும், காற்று அடிக்காத பக்கத்துக் கண்ணாடியை ஒரு விரல் அகலம் இறக்கி வைக்க வேண்டும். இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள், போர்வையைத் திரும்பவும் காரில் வையுங்கள்.

எந்தப் போர்வை நல்லது? எங்கள் வீட்டில் ஊருக்குப் போகும்போது துபாயில் வாங்கிய மிங்க் போர்வைகள் நாலைந்து சும்மா கிடக்கின்றன. அதைப் போடலாமா? வெள்ளி நிறத் தாள் போர்வை ஒன்றும் கடையில் பார்த்தேன், இரண்டு மூன்று டொலர்தான்.
— ஒரு வாசகர், பிரம்ரன்

மிங்க் போர்வையைத் தாராளமாகப் போடுங்கள். நம்மவர் வீட்டு அலுமாரிகளில் பிரிக்காமலே கிடக்கும் அந்தப் பூப்போட்ட பாரமான போர்வைகளுக்கு இதைவிட நல்ல பயன் கிடையாது. அவை செயற்கை நூல், ஈரம் பட்டாலும் பருத்தி அளவுக்கு மோசமாகாது. இடத்தை அடைப்பது மட்டும்தான் அவற்றின் குறை.

என்னைக் கேட்டால் முதல் இடம் கம்பளிக்கு, அதாவது உண்மையான ஆட்டு ரோமக் கம்பளிக்கு. கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும், கழுத்தில் குத்தும், பரவாயில்லை. கம்பளி ஈரத்தைத் தனக்குள் இழுத்துக்கொண்ட பிறகும் சூட்டைப் பிடித்து வைக்கும், பக்கத்தில் ஒரு பொறி பட்டாலும் செயற்கை நூல் போல உருகி ஒட்டாது. இது ஏன் முக்கியம் என்றால், புகைக்குழாயைத் துப்புரவாக்க இறங்கிப் போய்த் திரும்பி வரும்போது உங்கள் உடுப்பெல்லாம் பனியாக இருக்கும், உள்ளே வந்ததும் அது உருகி நனைத்துவிடும், கண்ணாடியிலும் உங்கள் மூச்சே தண்ணீராக வழியும். பருத்தி பெட்ஷீற், பழைய சாரம், துவாய் எல்லாம் அந்த ஈரத்தில் உங்களுக்கு எதிராகத் திரும்பிவிடும், உடம்பில் உள்ள சூட்டையும் உறிஞ்சி எடுக்கும். பருத்தி வேண்டவே வேண்டாம். இறகு அடைத்த கம்ஃபர்ட்டர் காய்ந்திருக்கும்வரை அருமை, நனைந்தால் இறகு கட்டியாகி ஒன்றுக்கும் உதவாது.

வெள்ளித் தாள் விஷயத்தில் அவசரப்பட்டு அதை மட்டும் வாங்கி வைத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அது உடம்பிலிருந்து கதிராக வெளியேறும் சூட்டைத் திருப்பி அனுப்பும், காற்றையும் மறிக்கும், அவ்வளவுதான். குளிர்ந்த கதவில் சாய்ந்தால் அந்தக் குளிர் தாளைத் தாண்டி நேரே முதுகுக்கு வரும், ஏனென்றால் அதற்குத் தடிப்பே இல்லை. உள்ளே வியர்வையும் சேரும். கம்பளியைச் சுற்றிக்கொண்டு அதன் மேலே இந்தத் தாளைச் சுற்றினால் நல்ல பலன் உண்டு. மடித்தால் உள்ளங்கை அளவுதான், ஆளுக்கு ஒன்று வாங்கி முன் பெட்டிக்குள் போட்டுவிடலாம். போர்வை வாங்கியதற்குப் பிறகு.

அண்ணா, எனக்கு ஒரு சந்தேகம். நான் ரொறன்ரோவை விட்டு வெளியே போவதே இல்லை. வேலை, கோயில், கல்யாண மண்டபம், வீடு. எனக்கும் இது தேவையா?
— ஒரு வாசகி, ஸ்காபரோ

தேவை. 2022 கிறிஸ்மஸ் நேரத்தில் பஃபலோவில் அடித்த பனிப்புயலை மறந்திருக்க மாட்டீர்கள், இங்கிருந்து சாமான் வாங்க நம் ஆட்கள் போய்வரும் அதே பஃபலோ. அந்த நகரமும் சுற்றுப்புறமும் அடங்கிய ஈரி (Erie) கவுண்டியில் மட்டும் 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் சிலர் தங்கள் சொந்த ஊர் வீதியில், காருக்குள் இருந்தபடியே இறந்தார்கள். மீட்கப் போன வண்டிகளே பனியில் சிக்கிக்கொண்டன. உதவி எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் அது உங்களிடம் வந்து சேர முடியாவிட்டால் தூரத்தில் இருப்பதும் பக்கத்தில் இருப்பதும் ஒன்றுதான்.

கல்யாண மண்டபம் என்று நீங்களே சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஜனவரியில் அரங்கேற்றத்துக்கும் பிறந்தநாள் விழாவுக்கும் போகும்போது நம் பெண்கள் பட்டுச்சேலை, மெல்லிய செருப்பு, மேலே ஒரு சால்வை, இவ்வளவோடு காரில் ஏறுகிறார்கள். "வீட்டு வாசலில் ஏறி மண்டப வாசலில் இறங்குவதுதானே" என்று ஜக்கெற்றையும் வீட்டில் விட்டுவிடுகிறார்கள், சேலை கசங்குமாம். ஆண்களும் வேட்டியும் திறந்த செருப்புமாக அப்படித்தான் வருகிறார்கள். இரவு 12 மணிக்கு மேல் விழா முடிந்து திரும்பும்போது நெடுஞ்சாலை 410இல் கார் நின்றுவிட்டால் அந்த வெறுங்காலோடு என்ன செய்வது? சேலை உடுத்துங்கள், அழகாகப் போய்வாருங்கள், ஆனால் பின்சீற்றின் காலடியில் ஒரு ஜோடி பனிச்சப்பாத்து, தடித்த காலுறை, காதை மூடும் தொப்பி, போர்வை இவ்வளவும் டிசம்பர் தொடங்கி மார்ச் முடியும்வரை அசையாமல் கிடக்கட்டும்.

நான் சட்பரியில் படிக்கிறேன். மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒரு பழைய கார் வைத்திருக்கிறோம், மாதம் ஒருமுறை ரொறன்ரோ வருவோம். கையில் காசு குறைவு. எல்லாருக்கும் கம்பளி வாங்க வசதியில்லை. ஸ்லீப்பிங் பாக் நல்லதா?
— ஒரு மாணவர்

தம்பி, அந்த 400 கிலோமீற்றர் பாதையில், அதுவும் பரி சவுண்டுக்கும் பாரிக்கும் இடைப்பட்ட பகுதியில், ஜோர்ஜியன் குடாவிலிருந்து பனிக்காற்று திடீரென்று வந்து விழும். ஒரு நிமிடம் வெயில் அடிக்கும், அடுத்த நிமிடம் முன்னால் போகும் வண்டியே தெரியாது. நீங்கள் கேட்டது நல்லதாயிற்று.

ஸ்லீப்பிங் பாக் நல்லது, போர்வையை விட நல்லது என்றே சொல்வேன், ஏனென்றால் கால்விரலிலிருந்து கழுத்துவரை எல்லாப் பக்கமும் மூடும். வாங்கும்போது மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பையில் பெரிய எழுத்தில் மைனஸ் எவ்வளவோ என்று ஓர் எண் போட்டிருக்கும். உள்ளே சின்ன எழுத்தில் கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என்று மூன்று எண்கள் இருக்கும். எக்ஸ்ட்ரீம் என்பது அந்தக் குளிரில் உயிர் தப்பலாம் என்பதற்கான எண், தூங்கலாம் என்பதற்கானதல்ல. கம்ஃபர்ட் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். காரில் போட்டு வைப்பதற்கு இறகை விட செயற்கைப் பஞ்சு அடைத்ததே மேல், விலையும் குறைவு, நனைந்தாலும் சமாளிக்கும்.

காசு இல்லை என்றால் பழைய பொருள் விற்கும் கடைகளுக்குப் போய்ப் பாருங்கள், நல்ல கம்பளிகள் அங்கே மலிவாகக் கிடைக்கும், துவைத்துவிட்டுப் பாவியுங்கள். மூன்று பேருக்கு இரண்டு பெரிய போர்வைதான் கிடைத்தது என்றாலும் பின்சீற்றில் மூவரும் நெருங்கி உட்கார்ந்து ஒன்றைக் காலுக்குக் கீழும் ஒன்றை மேலும் போட்டால் மூன்று தனித்தனிப் போர்வையை விடச் சூடாக இருக்கும், ஒருவர் உடம்புச் சூடு மற்றவருக்குப் போகும் அல்லவா. ஆனால் மூவரும் ஒரே நேரத்தில் தூங்கக் கூடாது. ஒருவர் எப்போதும் விழித்திருக்க வேண்டும்.

போர்வை எவ்வளவு மலிவாக இருந்தாலும் பெற்றோலில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். தாங்கி பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள்.

என் குழந்தைக்கு பத்து மாதம். காரில் ஏற்றும்போது தடித்த ஸ்னோசூட் போட்டே சீற்றில் கட்டுகிறேன். அப்படியிருக்க தனியாகப் போர்வை வேண்டுமா?
— ஓர் இளம் தாய், ஏஜெக்ஸ்

முதலில் அந்தப் பழக்கத்தை நிறுத்துங்கள், தயவுசெய்து. தடித்த ஸ்னோசூட்டின் மேல் பட்டியை இறுக்கினால் இறுகியது போலத் தெரியும், விபத்தில் அந்தப் பஞ்சு அமுங்கியதும் பட்டிக்கும் பிள்ளைக்கும் நடுவே இடைவெளி வந்துவிடும், பிள்ளை வழுகி வெளியே வந்துவிடலாம். மெல்லிய உடுப்போடு கட்டி, பட்டியை இறுக்கி, அதற்கு மேலே போர்வையைப் போர்த்துங்கள். ஆக, உங்களுக்குப் போர்வை அவசரத்துக்கு மட்டுமல்ல, ஒவ்வொரு நாளும் வேண்டும்.

வண்டி எங்கேயோ மாட்டிக்கொண்டால், பின்னால் வேறு வண்டி வந்து மோத வாய்ப்பில்லாத இடத்தில் நிற்கிறது என்று உறுதியான பிறகு பிள்ளையை எடுத்து உங்கள் நெஞ்சோடு அணைத்து, இருவரையும் சேர்த்து போர்வையால் சுற்றுங்கள். தாயின் உடம்புச் சூட்டுக்கு ஈடாக எந்தப் போர்வையும் வராது. முகம் மட்டும் எப்போதும் வெளியே இருக்கட்டும். ஸ்னோசூட்டை வீட்டில் விட்டுவிடாமல் பக்கத்திலேயே வைத்திருங்கள், இறங்கி நடக்க நேர்ந்தால் அது வேண்டும்.

தகர டப்பாவுக்குள் மெழுகுதிரி கொளுத்தினால் காருக்குள் சூடு வரும் என்கிறார்கள். உண்மையா?
— ஒரு வாசகர், மொன்றியல்

ஓரளவு உண்மைதான். கனடா அரசு சொல்லும் வாகன அவசரப் பெட்டியிலும் ஆழமான தகரத்துக்குள் மெழுகுதிரி, தீப்பெட்டி இரண்டும் இருக்கின்றன. ஆனாலும் மெழுகுதிரிச் சூட்டை நம்பிப் போர்வையைக் குறைக்காதீர்கள். கண்ணாடி கொஞ்சம் திறந்திருக்க வேண்டும், தகரம் ஆடாத இடத்தில் இருக்க வேண்டும், போர்வை நுனி அதன் பக்கமே போகக் கூடாது, பிள்ளைகள் இருந்தால் கொளுத்தவே வேண்டாம் என்பது என் கருத்து. காம்பிங் அடுப்பு, கரி அடுப்பு இவற்றைக் காருக்குள் ஒருபோதும் பற்றவைக்காதீர்கள்.

மின்சாரக் கார் வாங்கியிருக்கிறேன். புகையே இல்லை, அப்போது இந்தப் பிரச்சினையும் இல்லைதானே?
— ஒரு வாசகர், ஒட்டாவா

காபன் மொனொக்சைட் பயம் இல்லை, அது பெரிய நிம்மதி. ஆனால் குளிரில் பற்றரியின் சக்தி குறையும், உள்ளே இருக்கும் காற்று முழுவதையும் சூடாக்குவது அதைத்தான் தின்னும். சீற்றைச் சூடாக்குவதற்கு மிகக் குறைந்த மின்சாரம் போதும். ஹீற்றரைக் குறைத்து, சீற் சூட்டைப் போட்டு, மேலே போர்வையால் மூடிக்கொண்டால் கீழிருந்து வரும் சூடு போர்வைக்குள்ளேயே நிற்கும். உங்கள் காருக்கு இந்த ஒரு விஷயம் போதும், பல மணி நேரம் கூடுதலாகத் தாங்குவீர்கள்.

நான் லொறி ஓட்டுகிறேன், நெடுஞ்சாலை 17இல் மேற்கே போய்வருபவன். எங்கள் லொறியில் படுக்கையே இருக்கிறது, எங்களுக்குக் கவலை குறைவு. ஆனால் சின்னக் காரில் வரும் நம் பிள்ளைகள் வண்டி நின்றதும் இறங்கி நடக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அதைப் பற்றி எழுதுங்கள்.
— ஒரு லொறிச் சாரதி

நன்றி அண்ணை. இதை நீங்களே சொல்வதுதான் பொருத்தம், தெரிந்துதான் சொல்கிறீர்கள். வாவாவுக்கும் மரத்தனுக்கும் இடையில் சுப்பீரியர் ஏரிக்கரையில் போன் வேலை செய்யாத நீண்ட பகுதிகள் உண்டு, குளிர்காலத்தில் அந்த வீதியை மூடுவதும் புதிதல்ல. "கொஞ்சத் தூரத்தில் ஒரு பெற்றோல் நிலையம் பார்த்தோமே" என்று இறங்கினால் பனிப்புயலில் திசையே தெரியாது. காற்றோடு சேர்த்து உணரும் குளிர் மைனஸ் 28க்குக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம், மைனஸ் 40 என்றால் 5 முதல் 10 நிமிடம். தேடி வருபவர்களுக்கும் நடந்து போன ஆளை விட நிற்கும் காரைக் கண்டுபிடிப்பது சுலபம். உள்ளேயே இருங்கள், கதவிலோ அன்ரெனாவிலோ நிறமான துணி ஒன்றைக் கட்டுங்கள், எஞ்சின் ஓடும்போது உள் லைற்றைப் போடுங்கள்.

போர்வை டிக்கியில் இருக்கக் கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதனால்தான். டிக்கியைத் திறக்க வெளியே இறங்க வேண்டும், அதன் பூட்டு உறைந்திருக்கலாம், பின்னால் யாராவது மோதி அது நசுங்கியிருக்கலாம். பனி அள்ளும் சவளும் உள்ளேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் டிக்கியைத் திறப்பதற்கே ஒரு சவள் தேவைப்படும்.

இரண்டு வருடமாகப் போர்வை வைத்திருக்கிறேன், புழுங்கல் மணம் வருகிறது. காற்றை உறிஞ்சி எடுக்கும் பிளாஸ்ரிக் பையில் வைக்கலாமா?
— ஒரு வாசகி, மிசிசாகா

சாதாரணப் போர்வைக்குச் சரி, ஸ்லீப்பிங் பாக்குக்கு வேண்டாம். மாதக்கணக்கில் அமுக்கி வைத்தால் உள்ளே இருக்கும் பஞ்சு திரும்பவும் எழும்பாது, சூட்டைப் பிடிப்பது அந்தப் பஞ்சுக்குள் நிற்கும் காற்றுத்தானே. மிங்க் போர்வை வாங்கும்போது வரும் சிப் வைத்த பை இருக்கிறதல்லவா, அதுவே நல்லது. வைக்கும்போது துணி முற்றாகக் காய்ந்திருக்க வேண்டும். குளிர்காலத்தின் நடுவிலும் ஒரு தடவை வெளியே எடுத்து விரித்துப் பாருங்கள்.

அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறா, 74 வயது. கோயிலுக்குக் கூட்டிப் போகும்போது காரில் "எனக்குக் குளிரவில்லை" என்று போர்வையைத் தள்ளிவிடுகிறா. வற்புறுத்தலாமா?
— ஒரு மகன், ரிச்மண்ட் ஹில்

வற்புறுத்துங்கள், அன்பாக. வயதானவர்களுக்குக் குளிர் உடம்பில் ஏறுவது நம்மைப் போல உடனே தெரிவதில்லை, நடுக்கமும் குறைவாக வரலாம். அவர் சொல்லும் "குளிரவில்லை" பொய்யல்ல, ஆனால் அதை நம்பி இருந்துவிட முடியாது. வண்டி எங்கேயாவது நின்றுவிட்டால் முதல் போர்வை அவருக்கு. தலைக்கும் காதுக்கும் தொப்பி, காலுறை ஈரமென்றால் உடனே மாற்றிக் காய்ந்தது, பாதத்தின் கீழே மடித்த போர்வையோ ஒரு பையோ, ஏனென்றால் காரின் தரைதான் முதலில் உறையும். பிளாஸ்கில் வெந்நீரோ தேநீரோ இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். யாராவது "ஒரு வாய் விஸ்கி குடித்தால் சூடு வரும்" என்றால் கேட்காதீர்கள், மது தோலுக்கு இரத்தத்தைக் கொண்டுவந்து உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விட்டுவிடும்.

பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள். ஊர்க்கதை கேளுங்கள், பேரப்பிள்ளைகளின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். நாக்குக் குழறினாலோ, பதில் சம்பந்தமில்லாமல் வந்தாலோ, நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடு ஏறாமலே நடுக்கத்தை நிறுத்தினாலோ, உடம்புச் சூடு 35 பாகைக்குக் கீழே இறங்கிவிட்டது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். முன்பே 911க்கு அழைத்திருந்தாலும் மறுபடி அழைத்து அம்மாவின் வயதையும் இப்போதைய நிலையையும் சொல்லுங்கள், யாரை முதலில் எடுப்பது என்று அவர்கள் தீர்மானிக்க அது உதவும். கை கால்களைத் தேய்க்காதீர்கள். நீங்கள் பின்சீற்றுக்குப் போய் அவரை அணைத்தபடி ஒரே போர்வைக்குள் இருங்கள், நெஞ்சும் வயிறும் முதலில் சூடாக வேண்டும்.